அடுப்பைக் காணாத கட்டுரை

சென்ற மாதம் நெய்வேலி நகரியத்தில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரை, இப்போது முப்பத்திரண்டு பக்கச் சிறு வெளியீடாக ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் நிறையப் படித்தவர், நன்றாகப் பேசுபவர், இந்த ஊரில் மரியாதை உள்ளவர். அதனால்தான் பதில் எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் பேச்சுப்போட்டிக்காக அவருடைய வாசகங்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். தவறான செய்தி ஒரு பிள்ளையின் நாக்கில் ஏறிவிட்டால் அதை இறக்குவது பெரும்பாடு.

அவர் சொல்வது இதுதான். சாவை வெல்ல வேண்டும் என்று மனிதன் கண்ட கனவெல்லாம் ஒரே பயம் போட்ட வெவ்வேறு வேடங்கள். கில்காமேஷ், பாற்கடல் அமுதம், மார்க்கண்டேயன், சித்தர்களின் காயகற்பம், வள்ளலாரின் மரணமிலாப் பெருவாழ்வு, இன்று தங்கள் உடலை உறைய வைத்துக் காக்கச் சொல்லிப் பணம் கட்டும் கலிபோர்னியாப் பணக்காரர்கள், எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார். தான் அழிந்துவிடக் கூடாது என்ற தன்னலம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்கிறார். பக்குவப்பட்டவன் சாவை ஏற்றுக்கொள்வான், பக்குவமில்லாதவன் அமுதம் தேடுவான் என்று தீர்ப்புச் சொல்கிறார். பக்குவமின்மையின் உச்சம் வள்ளலாரின் வடலூர் என்றும், அது மேட்டுக்குப்பத்து அறைக்குள் ஒரு கொலையாக முடிந்தது என்றும் கடைசிப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்.

முதலில் கில்காமேஷ். தன் சாவுக்குப் பயந்த ஓர் அரசன் மூலிகை தேடிப் போன கதை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கதை அப்படியா இருக்கிறது? நண்பன் என்கிடு சாகும்வரை கில்காமேஷுக்குச் சாவு ஒரு பொருட்டே இல்லை. தேவதாருக் காட்டுக் காவலன் ஹும்பாபாவோடு மோதத் துணிந்து போனவன் அவன். நண்பன் செத்த பிறகுதான் உடைகிறான். பிணத்தைப் புதைக்க விடாமல் ஆறு பகலும் ஏழு இரவும் பக்கத்திலேயே கிடக்கிறான். மூக்கிலிருந்து புழு விழுவதைக் கண்ட பிறகுதான் பிணத்தை விடுகிறான். நாமும் இப்படித்தான் ஆவோமோ என்ற பயம் அப்போது அவனுக்கும் வருகிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தைப் பெற்றெடுத்தது துக்கம். கடலடியில் மூலிகையைப் பறித்து எடுத்தவன் அந்த இடத்திலேயே வாயில் போட்டுக்கொள்ளவுமில்லை. உருக் நகருக்குக் கொண்டுபோய் முதலில் ஒரு முதியவருக்குக் கொடுத்துப் பார்ப்பதாகச் சொல்கிறான். வழியில் பாம்பு தின்றுவிடுகிறது. வெறுங்கையோடு ஊர் திரும்பியவன் படகோட்டியிடம் தன் ஊரின் மதிலைக் காட்டுகிறான். கதை அங்கே வந்து நிற்கிறது. சுருக்கத்தைப் படித்துவிட்டுக் காவியத்துக்குத் தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் ஆகும்.

அதைவிட மோசம், வள்ளலாரின் சிந்தனை இந்தப் பழங்கதையின் எதிரொலி என்று அவர் எழுதியது. நினிவே இடிபாடுகளில் எடுத்த களிமண் பலகைகளைப் படித்து, அந்தக் காவியத்தின் வெள்ளக் கதையை ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் ஓர் அவை முன் வாசித்தது 1872 டிசம்பர் 3-ஆம் தேதி. வடலூரில் வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபையில் முதல் தைப்பூசம் நடந்தது அதே ஆண்டு ஜனவரி 25. உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மறந்து கிடந்த கதை மறுபடி வாய் திறப்பதற்குப் பத்து மாதம் முன்பே சபையின் கதவு திறந்துவிட்டது. தேதியைப் பார்க்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

சரி, தூரத்துக் கதையை விடுவோம். தமிழில் சாவாமையைப் பற்றிய மிகப் பழைய நினைவு எது? தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் நெல்லிக்கனி. அதைத் தின்றால் நெடுநாள் வாழலாம் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் செய்தியைத் தனக்குள் அடக்கிக்கொண்டு கனியை ஔவைக்குக் கொடுத்துவிட்டான். புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் ஔவையே அதைச் சொல்லி வியக்கிறாள். அதே தொகையில் 235-ஆம் பாட்டுக்கு வாருங்கள். மார்பில் வேல் பாய்ந்து அதியமான் செத்துக் கிடக்கிறான். ஔவை கையறுநிலை பாடுகிறாள். கனியைக் கொடுத்தவன் போனான், தின்றவள் அழுதாள். அமுதம் என்றாலே தன்னலம் என்று சொல்பவர் இந்த இரண்டு பாட்டுக்கும் என்ன பதில் வைத்திருக்கிறார்? கட்டுரையில் அதியமான் பெயர் இருக்கிறது, அடைப்புக்குறிக்குள், ஒரு கட்டுக்கதை என்ற குறிப்போடு. கட்டுக்கதை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மக்கள் கூட்டம் எந்தக் கட்டுக்கதையை ஈராயிரம் ஆண்டாக மடியில் கட்டிக் காக்கிறது என்பதுதானே இலக்கியம் படிப்பவன் கேட்க வேண்டிய கேள்வி?

182-ஆம் பாட்டும் இருக்கிறது. இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்கிறது அது. பாடியவர் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. அவர் இறந்த விதமே அவர் பெயராக நமக்கு வந்திருக்கிறது. கடலுக்குப் பலியான ஒருவனின் வாயிலிருந்து வந்த இந்தச் சொல்லில் பயத்தின் சாயல் எங்கே இருக்கிறது என்று காட்டட்டும்.

மார்க்கண்டேயனையும் திருக்கடையூரையும் அவர் ஏளனம் செய்திருக்கிறார். எங்கள் நகரியத்தில் பணி ஓய்வு வயது அறுபது. ஓய்வு பெறும் ஆண்டில் திருக்கடையூர் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளாத குடும்பம் எங்கள் தெருவில் குறைவு. அங்கே போகிற எவரும் என்றும் பதினாறாக இருக்க வரம் கேட்டு நான் பார்த்ததில்லை. பேரப்பிள்ளையின் படிப்பு முடியும்வரை இருக்க வேண்டும், இவளை விட்டுவிட்டு முந்திப் போகக் கூடாது, கேட்பது இவ்வளவுதான். இதற்குப் பெயர் தன்னலமா?

ஒரு விஷயத்தில் அவரோடு உடன்படுகிறேன். சித்தர் பெயரைச் சொல்லி, சாகாமல் இருக்க லேகியம் என்று டப்பாவில் அடைத்து விற்கிறவர்கள் மோசடிக்காரர்கள். அவர்களை அவர் எவ்வளவு திட்டினாலும் என் கையெழுத்தும் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தைத் திருமூலர்மேல் திருப்புவது என்ன நியாயம்? உடம்பை இழுக்கு என்று முன்பு எண்ணியிருந்ததாகவும், அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகவும் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். உடம்பைப் பேணுவது கோழைத்தனம் என்றால் அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும் அத்தனை பேரும் கோழைகள்தான்.

இனி வடலூர். நெய்வேலியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். முப்பத்திரண்டு பக்கத்தையும் விரல் வைத்துத் தேடினேன். பசித்தவர்க்குச் சோறிட வள்ளலார் அங்கே திறந்த தருமச்சாலையின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. வள்ளலாரைப் பற்றி எழுதி, தருமச்சாலையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். சுரங்கத்தைச் சொல்லாமல் நெய்வேலியைப் பற்றி ஒருவர் எழுதினால் அதை யாராவது கையில் எடுப்போமா?

நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே பாருங்கள். வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்கர் 1823-இல் மருதூரில் பிறந்து, சென்னையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுக் கருங்குழிக்கு வந்து தங்குகிறார். 1865-இல் சன்மார்க்க சங்கம் தொடங்குகிறார். அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம். 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலை. பார்வதிபுரத்து மக்கள் ஏறக்குறைய எண்பது காணி நிலம் எழுதிக் கொடுத்தார்கள், அடுப்பு மூட்டப்பட்டது. ஞான சபை எழுந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. சன்மார்க்கக் கொடி ஏறியது 1873 அக்டோபரில். மேட்டுக்குப்பம் சித்திவளாகத்து அறைக்கதவு சாத்தப்பட்டது 1874 ஜனவரி 30 இரவு. முதலில் சோறு, பிறகு சபை, கடைசியில் அறை. கட்டுரையாளர் அறையில் தொடங்கி அறையிலேயே முடிக்கிறார்.

இந்த வரிசை தற்செயலாக அமைந்ததல்ல. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடையை அவர் ஒரு முறையாவது படித்திருந்தால் இது தெரிந்திருக்கும். பசி வந்தவனின் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்பதை வள்ளலார் அதில் உறுப்பு உறுப்பாக எழுதுகிறார். கண் குழிவதும், காது அடைப்பதும், நா வறள்வதும், கைகால் தளர்வதும், அறிவு மயங்குவதும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பட்டினிச் சாவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். பசியைச் சாவின் முதல் வாசலாகக் கண்டவர் அவர். நாடு, சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல் அந்தப் பசி நெருப்பை அணைக்க வேண்டும் என்று சொன்னதும் அதே நூலில்தான். மரணமிலாப் பெருவாழ்வு என்ற சொல்லுக்குள் போக வேண்டுமானால் இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அவர் வேறு வாசல் வைக்கவில்லை. கரிசலாங்கண்ணி, தூதுவளை என்று கீரைகளையும் அன்றாட ஒழுக்கங்களையும் சொன்னதும் உண்மைதான். ஆனால் தனக்கு மட்டும் ஒரு மருந்து தேடி, கண்டதை மறைத்து வைத்துக்கொண்ட ஆள் அல்ல அவர். தமக்குக் கிடைத்ததாக நம்பியதை ஊர் ஊராகக் கூவி அழைத்தவர்.

கட்டுரையாளர் தன்னலம் என்று மூச்சுக்கு மூச்சு எழுதுகிறார். கடைசி நாட்களில் இராமலிங்கர் தம் அடியார்களிடம் சொன்னதாகச் சன்மார்க்கத்தார் காத்து வரும் செய்தி என்ன? இதுவரை இந்த ஓர் உடம்பில் இருந்ததாகவும் இனி எல்லா உடம்புகளிலும் புகுந்துகொள்ளப் போவதாகவும் சொன்னார். தம் அறையில் இருந்த விளக்கை எடுத்து வெளியே வைத்து, இதை வழிபடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். 'நான்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவன் விளக்கை வெளியே வைத்துவிட்டுப் போவானா?

அமெரிக்கப் பணக்காரர்களோடு அவரைச் சேர்த்த பகுதியைப் படித்தபோது எனக்கு வலித்தது. ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற கலிபோர்னியப் பேராசிரியர் 1967 ஜனவரியில் இறந்தார். மறுபடி உயிர்ப்பிக்கும் காலம் வரும் என்ற நம்பிக்கையில் அவர் உடலை உறைய வைத்தார்கள். அப்படிக் காக்கப்பட்ட முதல் மனிதர் அவர். அரிசோனாவில் ஆல்கோர் என்ற நிறுவனத்தின் கலத்தில், திரவ நைட்ரஜனில், இன்றும் அந்த உடல் இருக்கிறது. முழு உடலையும் அங்கே வைக்க இரண்டு லட்சம் டாலருக்குக் குறையாமல் வேண்டும். வடலூரில் தருமச்சாலை திறந்தது அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்பு. அங்கே உட்கார்ந்து சாப்பிட எவரும் எதுவும் கட்ட வேண்டியதில்லை, பெயரையும் கேட்க மாட்டார்கள். ஒரு பக்கம் தன் ஒரே உடம்புக்குக் காசு கட்டி இடம் பிடிக்கிறவர், மறுபக்கம் முன்பின் தெரியாதவன் வயிற்றுக்கு உலை வைத்தவர். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் கண்ணுக்கு எதுதான் வேறுபட்டுத் தெரியும்?

அடுத்தது கொலை. மேட்டுக்குப்பத்து அறைக்குள் இராமலிங்கர் கொல்லப்பட்டார் என்று எவ்விதத் தயக்கமும் இல்லாமல் எழுதியிருக்கிறார். ஒரு சாட்சியைக் காட்டவில்லை, ஒரு பதிவேட்டைக் காட்டவில்லை. பலரும் சொல்கிறார்கள் என்பதே அவர் தரும் ஆதாரம். 1906-இல் ஆங்கில அரசு வெளியிட்ட தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியர் இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறது. 1874-இல் அறைக்குள் போனார், திறக்க வேண்டாம் என்று சீடர்களிடம் சொன்னார், பிறகு எவரும் அவரைப் பார்க்கவில்லை என்ற அளவில் நின்றுகொள்கிறது. சில மாதங்கள் கழித்து அதிகாரிகள் வந்து அறையைத் திறந்து பார்த்தார்கள், வெறும் அறையாக இருந்தது என்பது சன்மார்க்கத்தார் வழிவழியாகச் சொல்வது. அவர் ஒளியாகக் கரைந்தார் என்று என் அம்மா சாகும்வரை நம்பினாள். அதை நான் எவர்மீதும் சுமத்தவில்லை. உள்ளே நடந்ததற்குச் சாட்சி இல்லாத அறை அது. ஒளியானார் என்பதை நம்பிக்கை என்று சொல்லும் பகுத்தறிவு, கொலை என்பதை மட்டும் எப்படி வரலாறு என்று சொல்லும்? ஆதாரம் இல்லாததை நம்பாதே என்று மேடையில் நமக்குப் பாடம் சொன்னவர், தன் கட்சிக்குச் சாதகமான வதந்தி வந்ததும் பாடத்தை மடித்து வைத்துவிட்டார்.

வள்ளலாருக்கு இந்த வசை புதிதும் அல்ல. அவருடைய பாடல்கள் அருட்பா அல்ல, மருட்பா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்து எழுதினார். சண்டை முற்றி 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போனது. அன்று சைவத்தின் பெயரால் ஏளனம், இன்று முற்போக்கின் பெயரால். ஆனால் நாவலர் எதிராளியின் நூலை வரி வரியாகப் படித்துவிட்டு எதிர்த்தார். நம்மவர் அந்தச் சிரமத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பாரதியைத் தொட்ட இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1921 ஜூலை 31 அன்று ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசினார், ஆறு வாரத்தில் செத்துப்போனார் என்று எழுதி, ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறார். 1918-இல் எங்கள் கடலூர்ச் சிறையில் இருந்துவிட்டு வந்த மனிதர் பாரதி. வறுமையும் நோயும் தின்ற உடம்போடு, நாற்பதைத் தொடாத வயதில், ஊர் மக்கள் நடுவில் நின்று அதைச் சொன்னார். அடிமைப்பட்ட ஜனங்களிடம் உங்களுக்குச் சாவில்லை என்று சொல்வதன் பொருள் ஆச்சரியக்குறி போட்டவருக்குப் புரியாமல் போனது நமக்குத்தான் நஷ்டம்.

என்னை இரவில் தூங்க விடாதது அவருடைய முடிவுரை. சாவை ஏற்றுக்கொள்வதே பக்குவம் என்கிறார். யாருடைய சாவை? இதை அவர் ஓர் இடத்திலும் கேட்டுக்கொள்ளவில்லை. எண்பது வயதில், மகள் கையால் கஞ்சி குடித்து, சொந்தக் கட்டிலில் கண்மூடும் சாவை ஏற்றுக்கொள் என்றால் நானும் சரி என்பேன். ஆனால் அவர் இதை வாசித்தது நெய்வேலியில். 2020 ஜூலை 1 காலை இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அன்றே ஆறு பேர் போனார்கள். அடுத்து வந்த நாட்களில் தீக்காயத்தோடு சென்னை மருத்துவமனையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அதற்கு முந்தைய மே மாதமும் இப்படி ஒரு வெடிப்பைப் பார்த்திருந்தோம். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பது இந்த ஊருக்குத் தெரியும். அந்த வீடுகளுக்குப் போய், சாவை ஏற்றுக்கொள்வதுதான் முதிர்ச்சி அம்மா என்று இந்தக் கட்டுரையை வாசிப்பாரா? வாசிக்க மாட்டார், நல்ல மனிதர் அவர். அப்படியானால் அந்த வாக்கியம் யாருக்காக எழுதப்பட்டது?

இலக்கியத்தில் சாவை எதிர்த்து நின்றவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் சாவை எதிர்த்து நின்றவர்கள். சாவித்திரி எமன் பின்னால் நடந்தது சத்தியவானுக்காக. கில்காமேஷ் அலைந்தது என்கிடு போனதால். வள்ளலார் உலை வைத்தது ஊர் பேர் தெரியாதவர்களுக்காக. மனித உயிரோடும் அவர் நிற்கவில்லை. பயிர் வாடியதைக் கண்டு தாமும் வாடியவர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கப் பணிக்காகக் கதிர் வந்த நெல்மேல் இயந்திரங்கள் ஏறியபோது, உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேதனைப்பட்டு நினைவுகூர்ந்ததும் அவரைத்தான். செத்து நூற்றைம்பது ஆண்டு ஆன ஒரு கோழையை, நெல்லுக்காக ஒரு நீதிமன்றத்தில் எவரும் நினைப்பதில்லை.

நகரியத்தின் முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. என் அப்பா முதல் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து அனுப்பிய பழுப்பு நிலக்கரி அங்கேதான் எரிந்தது. 2020-இல் அது மூடப்பட்டது. வடலூரில் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. இன்று காலையும் அதில் சோறு வெந்தது.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் ஒரு நாள் மத்தியான வேளையில் அங்கே போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கொலை என்று எழுதிய இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருந்தால் பெயரோடும் தேதியோடும் அச்சிடுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள், எடுத்ததை அதே மேடையில் சொல்லுங்கள். பேச்சுப்போட்டி அடுத்த மாதம். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.